1960-களில் கட்டிய வீட்டை இன்றைய வாழ்க்கைக்கு ஏற்பப் புதுப்பித்தல்: புதுச்சேரி, கடலூர் வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதுச்சேரியில் பழைய வீடு என்றால் எல்லோருக்கும் மஞ்சள் சுவர் பிரெஞ்சு வீடு நினைவுக்கு வரும். அடுத்ததாகத் திண்ணையும் முற்றமும் வைத்த தமிழ் வீடு. இவை இரண்டிலும் சேராத ஒரு தலைமுறை வீடுகள் நம் கண் முன்னாலேயே இடிபட்டுக்கொண்டிருக்கின்றன. அந்த வீடுகளைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். நான் கட்டடப் பொறியாளர். கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1963-ல் என் தாத்தா கட்டிய அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவன். புதுச்சேரியிலும் கடலூரிலும் வீடு பார்க்கக் கூப்பிடுபவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

எந்த மாதிரி வீடுகளைச் சொல்கிறீர்கள்?

1950-களிலிருந்து 70-களின் கடைசி வரை கட்டப்பட்ட கான்கிரீட் தள வீடுகள். முகப்பில் மெல்லிய கான்கிரீட் போர்ட்டிகோ, மூலையைச் சுற்றித் திரும்பும் சன்ஷேட், மாடிப்படி ஓரத்தில் மேலிருந்து கீழ் வரை காற்று வரத் துளை வைத்த சிமென்ட் ஜாலி, எங்காவது ஒரு வட்ட ஜன்னல், கோடும் கட்டமுமாகக் கிரில், உள்ளே ரெட் ஆக்சைடு அல்லது மொசைக் தரை. முத்தியால்பேட்டை, லாஸ்பேட்டை, நெல்லித்தோப்பு, முதலியார்பேட்டை தெருக்களில் இன்னும் இருக்கின்றன. கடலூரில் மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் பார்க்கலாம். உங்கள் வீட்டு முகப்பில் கட்டிய வருஷம் சிமென்டில் எழுதியிருந்தால் அதைச் சுரண்டிவிட வேண்டாம். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறிய பிறகு இந்த ஊர் எப்படி வளர்ந்தது என்பதற்கு அந்த எழுத்தும் ஒரு சாட்சி.

இந்த வீடுகளின் பாணியை ‘மிட் செஞ்சுரி மாடர்ன்’ (20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி நவீனப் பாணி) என்கிறார்கள். அது அமெரிக்கப் பாணி ஆயிற்றே, நம் ஊருக்கு எப்படிப் பொருந்தும்?

அந்தப் பாணியின் மிகச் சிறந்த கட்டடங்களில் ஒன்று புதுச்சேரியிலேயே இருக்கிறது. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் தங்கும் விடுதியான கோல்கொண்டா. செக் மண்ணில் பிறந்து டோக்கியோவில் தொழில் நடத்திய கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் வரைந்தது. 1937-ல் வேலை தொடங்கியது. அவருடன் பணியாற்றிய கட்டடக் கலைஞர்கள் ஜார்ஜ் நகாஷிமாவும் பிரான்டிசெக் சாம்மரும் இங்கேயே தங்கி வேலையை நடத்தினார்கள். ஹைதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் நிஜாமின் நன்கொடை கிடைத்தது, அதனால்தான் ஹைதராபாத் கோட்டையின் அந்தப் பெயர். நவீனக் கட்டடங்களுக்குப் பேர்போன சண்டிகர் நகரம் அதற்குப் பல வருஷம் கழித்து எழுந்தது.

அங்கே என்ன செய்தார்கள் என்று பாருங்கள். கட்டடத்தின் நீளப் பக்கங்களை வடக்கும் தெற்கும் பார்க்க வைத்தார்கள். அந்தப் பக்கங்களில் கண்ணாடியே கிடையாது, திருப்பித் திறக்கும் கிடைமட்டப் பலகைகள் மட்டும்தான். உள்ளே சறுக்கித் திறக்கும் தேக்குக் கதவுகள். கூரைத் தளத்துக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளை அடுக்கி, நடுவில் காற்று ஓட இடம் விட்டிருக்கிறார்கள். வெயில் அந்த ஓட்டோடு நிற்கிறது, அறைக்குள் இறங்குவதில்லை. நம் தாத்தாக்களின் வீடுகளில் ஜாலியும் சன்ஷேடும் வெண்டிலேட்டரும் பார்த்துக்கொண்டதும் இதே வேலையைத்தான். காற்று நுழையவும் வெளியேறவும் வழி வைத்துக் கட்டிய வீடுகள் இவை. புதுப்பிக்கும்போது அந்த வழியை அடைக்கக் கூடாது என்பதுதான் என் முதல் பேச்சும் கடைசிப் பேச்சும்.

60 வருஷம் ஆகிவிட்டது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதுதானே புத்திசாலித்தனம்?

வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள், கம்பியை வைத்து முடிவு செய்யுங்கள். 9 அங்குலச் சுவர் நேராக நிற்கிறது, தளத்தில் கம்பி பெரும்பாலும் நல்லபடி இருக்கிறது என்றால் அந்த வீடு இன்னொரு தலைமுறைக்குத் தாங்கும். தளம் முழுக்கக் கம்பி அரித்து, தட்டிய இடமெல்லாம் உதிர்கிறது என்றால் தளத்தை மட்டும் எடுத்துவிட்டுப் புதுத்தளம் போட முடியுமா என்று பார்க்கலாம். சுவரும் விரிசல் விட்டு, அஸ்திவாரமும் ஒரு பக்கம் இறங்கியிருந்தால் இடிக்கத்தான் வேண்டும். அப்படிப்பட்ட வீடுகளில் நானே இடிக்கச் சொல்லியிருக்கிறேன், மனம் கனத்துத்தான் சொன்னேன். ஆனால் “பழசு” என்ற ஒரே காரணத்துக்காக இடிப்பது தேக்கையும் நாட்டுச் செங்கலையும் மொசைக்கையும் லாரியில் ஏற்றிக் கொட்டுவதுதான்.

சீலிங் பெயர்ந்து கம்பி தெரிகிறது. சிமென்ட் வைத்துப் பூசிவிட்டால் போதாதா?

போதாது. கடலோர வீடுகளைக் கொல்வது இந்தப் பூச்சுதான், அதனால் இந்தக் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்கிறேன்.

கம்பி துருப்பிடிக்கும்போது ஊதுகிறது. இரும்பு இருந்த இடத்தைப்போல 2 முதல் 6 மடங்கு இடத்தைத் துரு கேட்கும். அந்த அழுத்தத்தில்தான் கீழே உள்ள கான்கிரீட் பெயர்கிறது. துருவை உள்ளே விட்டுவிட்டு மேலே பூசினால் அது வேலையை நிறுத்தாது. அடுத்த ஐப்பசியில் பூச்சோடு சேர்ந்து விழும்.

கம்பி ஏன் துருப்பிடிக்கிறது? கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பிக்குக் கவசம். காற்றில் இருக்கும் கரியமில வாயு வருஷக்கணக்கில் உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைத்துவிடுகிறது. இது ஒரு வழி. கடற்காற்றின் உப்பு இன்னொரு வழி. அன்றைக்கு உப்புத் தண்ணீரில் கலவை போட்டிருந்தால் கேடு முதல் நாளே உள்ளே போய்விட்டது. 60-களின் கம்பி இன்றைய வரி வைத்த டி.எம்.டி. கம்பி இல்லை, முறுக்குக் கம்பிகூட இல்லை. வழுவழுப்பான உருட்டுக் கம்பி. அதற்குக் கீழே அரை அங்குலம்தான் கான்கிரீட் இருக்கும்.

நான் வீடு பார்க்கப் போனால் முதலில் எடுப்பது சின்னச் சுத்தியல். சன்ஷேடின் அடிப்பக்கத்தை ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வருவேன். நல்ல கான்கிரீட் ‘டங்’ என்று ஒலிக்கும். உள்ளே விட்டுப்போன இடம் காலி டப்பாவைத் தட்டியது போல ‘பொக்’ என்று கேட்கும். பொக்குச் சத்தம் வரும் இடத்தைச் சாக்பீஸால் வளைத்துக்கொண்டே போனால், அரை மணி நேரத்தில் நோயின் படம் தளத்திலேயே வரைந்து முடிந்திருக்கும். அதன் பிறகு ஓரிடத்தில் கொஞ்சம் உடைத்து, புதிதாக உடைந்த முகத்தில் பினாஃப்தலீன் கரைசலைத் தெளிப்பேன். இளஞ்சிவப்பாக மாறினால் காரம் இருக்கிறது. நிறம் வராவிட்டால் கவசம் போய்விட்டது. சிவப்பு வந்துவிட்டதே என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. உப்பு ஏறிய கான்கிரீட்டில் நிறம் நன்றாக வந்தாலும் கம்பி துருப்பிடிக்கும். கடலுக்குப் பக்கத்து வீடு என்றால் உப்பின் அளவை ஆய்வுக்கூடத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

சரியான வேலை இதுதான். முதலில் தளத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். பெயர்ந்த கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னால் விரல் போகும் அளவுக்கு எடுக்க வேண்டும். கம்பியைப் பளிச்சென்று தெரியும் வரை கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்ய வேண்டும். அதிகம் மெலிந்துவிட்ட கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்துக் கட்ட வேண்டும். துரு தடுக்கும் பூச்சு, ஒட்டுவதற்கான பூச்சு, அதன் மேல் பாலிமர் கலந்த கலவை. ஆழம் அதிகம் என்றால் பலகை அடைத்து மைக்ரோ கான்கிரீட் (சந்துகளில் தானே ஓடி நிரம்பும் பொடிக்கல் கான்கிரீட்) ஊற்ற வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். மூடிய பிறகு யாராலும் பார்க்க முடியாது. எங்கள் வீட்டிலேயே ஒரு ஒப்பந்தக்காரர் துருவைச் சுத்தம் செய்யாமல் வெறும் சிமென்ட் பால் அடித்துப் பூசிவிட்டுப் போனார். இரண்டாம் வருஷம் அம்மா படுக்கும் கட்டிலுக்கு ஓரடி தள்ளி ஒரு முழப் பூச்சு விழுந்தது. அந்தப் பகல் நேரத்தில் அம்மா அடுப்படியில் இருந்தார்.

மொட்டை மாடி ஒழுகுகிறது. மேலே இன்னொரு அடுக்கு கான்கிரீட் போடச் சொல்கிறார்களே?

வேண்டாம். ஒரு சதுர மீட்டரில் ஓர் அங்குலம் கான்கிரீட் ஏறினால் சுமார் 60 கிலோ. 1000 சதுர அடி மாடிக்குக் கணக்குப் போட்டால் ஐந்தரை டன். மெலிந்துபோன கம்பியின் மேல் அத்தனை சுமையை எதற்கு ஏற்ற வேண்டும்?

பழைய மாடியில் தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பும், அதன் மேல் தட்டோடும் இருக்கும். சுண்ணாம்பு நன்றாக இருந்து தட்டோட்டின் இணைப்புகள் மட்டும் திறந்திருந்தால், இணைப்பைச் சுரண்டி எடுத்துப் புதிதாக அடைத்தாலே பாதி ஒழுகல் நின்றுவிடும். ஒழுகும் இடம் பெரும்பாலும் மாடியின் நடுவில் இருக்காது. கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலை, மழைக்குழாயின் வாய், தண்ணீர்த் தொட்டியின் கால் ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். ஏற்கெனவே இரண்டு மூன்று முறை மேலே மேலே போட்டிருந்தால் எல்லாவற்றையும் தளம் தெரியும் வரை எடுத்துவிட்டு, வாட்டம் சரிசெய்து புதிதாகப் போடுவதே நல்லது. வாளியில் தண்ணீர் ஊற்றினால் தேங்காமல் குழாய்க்கு ஓட வேண்டும். வாட்டம் சரியில்லாத மாடியில் எந்த ரசாயனப் பூச்சும் நிற்காது.

மேலே வெள்ளை நிறக் குளிர்ச்சிப் பூச்சோ வெள்ளை ஓடோ போட்டால் கீழ் அறையில் வித்தியாசம் உடனே தெரியும். சுண்ணாம்பு அடித்தால்கூடச் சித்திரையில் பலன் உண்டு, வருஷா வருஷம் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். 1000 லிட்டர் தொட்டி நிறைந்தால் ஒரு டன். அதை அறையின் நடுத்தளத்தில் வைக்காமல், சுவர் ஓடும் இடத்துக்கு மேலே வையுங்கள்.

சுவரின் அடியில் ஓதம். எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் உப்பு பூக்கிறது.

எமல்ஷன் பெயின்ட் ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கிறது. சுவருக்கு மூச்சு விட வழி வேண்டும். ஈரம் ஏறிய உயரத்துக்கு மேலும் இரண்டு அடி வரை பழைய பூச்சை எடுத்துவிட்டு, ஒரு கோடை முழுக்கக் காய விடுங்கள். அதன் பிறகு சுண்ணாம்புப் பூச்சு, அதன் மேல் சுண்ணாம்பு வெள்ளை. வெளியே சுவரை ஒட்டி சிமென்ட் தரை போட்டு மண்ணை மூடியிருக்கிறார்களா என்று பாருங்கள். அங்கே வழியில்லாமல் நிற்கும் ஈரம்தான் சுவரில் ஏறுகிறது. ஓர் அடி அகலத்துக்கு அந்தத் தரையை எடுத்து ஜல்லி நிரப்பினால் பல வீடுகளில் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கிறது.

தரை பழசாகத் தெரிகிறது. ரெட் ஆக்சைடின் மேல் டைல்ஸ் ஒட்டிவிடலாமா?

ஒட்டிவிட்டுப் பிறகு வருந்தியவர்கள் அதிகம். டைல்ஸும் அதன் கலவையும் சேர்ந்து தரையை ஒன்றரை, இரண்டு அங்குலம் உயர்த்தும். எல்லாக் கதவுகளையும் அடியில் அறுக்க வேண்டிவரும். வாசற்படியின் உயரம் மாறி வீட்டில் எல்லோரும் இடறுவார்கள். ரெட் ஆக்சைடு சிமென்டோடு நிறம் கலந்து, கொத்தனார் முழங்காலிட்டு ஒரே மூச்சில் தேய்த்து மெருகேற்றியது. இன்றைக்கு அதைப் போடத் தெரிந்த கைகள் குறைவு.

மஞ்சக்குப்பம் வீட்டு ஹாலில் 90-களில் ஒட்டிய பச்சை வினைல் விரிப்பை நாங்கள் உரித்தோம். கீழே பசையும் அழுக்குமாகக் கறுத்துப்போன தரை. இரண்டு நாள் வெந்நீரும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்தோம். மூன்றாம் நாள் தாத்தாவின் சாய்வு நாற்காலி இருந்த இடத்தில் நான்கு தடங்கள் தெரிந்தன, அவற்றைச் சுற்றி மாதுளை நிறத்தில் தரை. மெல்லிய கோடு போன்ற வெடிப்புகளை அப்படியே விட்டுவிட்டோம். பெரிய வெடிப்புகளில் மட்டும் அதே நிறத்தில் சிமென்ட் அடைத்தோம். தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்தால் போதும்.

மொசைக் என்றால் இன்னும் சுலபம். பாலிஷ் இயந்திரத்தில் முரட்டுக் கல்லில் தொடங்கி வழவழப்புக் கல் வரை போட்டால், உள்ளே இருக்கும் கல்துண்டுகள் புதிதாகத் தெரியும். அப்போது வெளியேறும் சாம்பல் நிறச் சேற்றை வீட்டுச் சாக்கடையில் விடாதீர்கள். உள்ளே இறுகி அடைத்துக்கொள்ளும்.

ஹாலையும் அடுப்படியையும் ஒன்றாக்க நடுச்சுவரை எடுக்கலாமா?

சுவரின் கனத்தை அளந்துவிட்டுப் பேசுங்கள். 9 அங்குலச் சுவர் என்றால் தளத்தின் பாரம் அதன் மேல் நிற்கிறது. நாலரை அங்குலச் சுவர் பெரும்பாலும் தடுப்புதான், ஆனால் அதன் மேலும் பரணோ தண்ணீர்த் தொட்டியோ நிற்கலாம். பாரம் தாங்கும் சுவரை எடுக்க வேண்டுமென்றால் கட்டமைப்புப் பொறியாளர் உத்தரத்துக்குக் கணக்குப் போட வேண்டும், இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்த பிறகே முதல் செங்கல் விலக வேண்டும். மேஸ்திரி “நான் பார்த்துக்கறேன் சார்” என்று சொல்வதை மட்டும் நம்பி இந்த வேலையைத் தொடங்காதீர்கள். 2001 செப்டம்பர் 25-ல் புதுச்சேரிக் கடலில் மையம் கொண்ட நிலநடுக்கத்தை அனுபவித்த ஊர் இது.

முழுச் சுவரையும் எடுக்காமல் நடுவில் 5, 6 அடி அகலத்துக்கு வாசல் திறந்தாலே வீடு திறந்துவிடும். மீன் வறுக்கும் வீட்டில் அடுப்படி முழுக்கத் திறந்திருப்பதும் எல்லோருக்கும் ஒத்துவராது.

ஜாலியையும் வெண்டிலேட்டரையும் அடைத்துவிட்டு ஏ.சி. போடலாம் என்கிறார்கள். சரியா?

இரண்டு படுக்கையறைகளை மட்டும் மூடும் அறைகளாக வையுங்கள். அங்கே வெண்டிலேட்டருக்குத் திறந்து மூடும் கண்ணாடிச் சட்டம் போதும், செங்கல் வைத்து அடைக்க வேண்டாம். ஹால், மாடிப்படி, அடுப்படி ஆகியவை காற்றுக்கே இருக்கட்டும். பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து ஏறி வரும்போது, மாடிப்படி ஜாலியின் வழியே சூடான காற்று வெளியேறும். அந்தப் படிக்கட்டு வீட்டின் புகைபோக்கி மாதிரி. அதை அடைத்தால் மேல்மாடி வெந்துபோகும்.

கொசுதான் எல்லோருக்கும் பயம். ஜாலிக்கு உள்பக்கம் கழற்றிக் கழுவும்படி சட்டம் போட்ட வலை வையுங்கள். ஏ.சி.யின் வெளிப்பெட்டியை முகப்புச் சன்ஷேடின் மேல் ஏற்றாதீர்கள். அந்தச் சன்ஷேடு சுமை தாங்கக் கட்டியது அல்ல.

மேற்கு வெயிலுக்கு என்ன செய்வது?

சன்ஷேடு எல்லாத் திசைக்கும் ஒரே அளவில் உதவாது. இரண்டடி சன்ஷேடு மார்கழி உச்சிவெயிலில் தெற்குச் சுவருக்குச் சுமார் இரண்டேமுக்கால் அடி நிழல் தரும். ஆனியில் வெயில் வடக்கே சாயும்போது அதே சன்ஷேடு வடக்குச் சுவரில் 9 அடிக்கு மேல் நிழல் இறக்கும். மேற்கில் மாலை 4 மணி வெயிலுக்கு ஒன்றரை அடி நிழல்கூடக் கிடைப்பதில்லை. அதனால் மேற்குக்கு நேர்நிலையான தடுப்புதான் வேண்டும். செங்குத்துப் பலகை, மரச்சட்டம், மூங்கில் தட்டி, வேம்போ புங்கமோ ஒரு மரம், எதுவாயினும் சரி. தடுப்பு ஜன்னலுக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே போடும் திரை வெயில் வீட்டுக்குள் வந்த பிறகுதான் வேலை செய்கிறது.

ரோடு உயர்ந்து உயர்ந்து வீடு பள்ளமாகிவிட்டது. ஜாக்கி வைத்துத் தூக்கலாமா?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. அதன் பிறகு என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். தூக்க முடியும். அஸ்திவார மட்டத்தில் சுவரை வெட்டி, இரும்புச் சட்டம் செருகி, வரிசையாக ஜாக்கிகள் வைத்து ஒரே சீராக உயர்த்துவார்கள். ஆனால் பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர் இருந்தால் முடியாது. தளத்தில் கம்பி அரித்திருந்தால் தூக்கும் அசைவில் விரிசல் விடும். தூக்கிய பிறகு படிக்கட்டு, கழிவுக் குழாய், செப்டிக் டேங்க் எல்லாவற்றையும் புதிதாக இணைக்க வேண்டும். அந்தச் செலவைப் பலர் முதலில் கணக்கில் சேர்ப்பதில்லை.

தரையை மட்டும் உள்ளே உயர்த்தினால் சீலிங் தலைக்கு வந்துவிடும், ஜன்னல் முழங்காலுக்கு வந்துவிடும். பல வீடுகளுக்கு நான் சொல்வது இது. காம்பவுண்டு வாசலில் ஓர் உயர்ந்த வரம்பு, உள்ளே ஒரு குழியும் அதில் ஒரு பம்ப்பும், கழிவுக் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு. வாசலில் வரும் வெள்ளத்தை எல்லோரும் பார்க்கிறார்கள், கழிப்பறை வழியே திரும்பி வரும் வெள்ளத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. மின்சாரப் போர்டையும் பிளக்குகளையும் தரையிலிருந்து நான்கடிக்கு மேல் ஏற்றுங்கள்.

பழைய வயரிங்கை அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. மரப்பட்டியில் ஓடும் ரப்பர் உறை வயரை விரலால் வளைத்தால் பொடியாக உதிரும். முழுக்க மாற்றுங்கள். விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், சுமை மீறினால் தானாக அணையும் தனித்தனி எம்.சி.பி., அத்தோடு மின்கசிவு வந்தால் மின்சாரத்தை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. எர்த் குழியைப் புதிதாகத் தோண்டச் சொல்லுங்கள். குழாயைப் புதைக்கத் தளத்தை வெட்ட விடாதீர்கள். சுவர் மேலேயே நேர்த்தியாகக் குழாய் ஓட்டினால் இந்த வீடுகளின் கோடுகளோடு அது அழகாகவே சேரும். குமிழ் சுவிட்சுகள் பிடிக்கும் என்றால், அதே வடிவில் புதிதாகத் தயாராகி வருவதை வாங்குங்கள்.

தண்ணீர்க் குழாய்?

துத்தநாகம் பூசிய பழைய இரும்புக் குழாய் (ஜி.ஐ.) உள்ளே துருவால் சுருங்கியிருக்கும். மாற்றிவிடுங்கள், யோசிக்க வேண்டாம்.

பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கிரிலில் பல அடுக்குப் பெயின்ட். இவற்றில் ஆபத்து உண்டா?

இரண்டிலும் உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைக்கவோ அறுக்கவோ துளையிடவோ கூடாது. அந்த நார்த் தூசு நுரையீரலில் தங்கிப் பல வருஷம் கழித்து நோயைத் தரும். தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்து, கொக்கியைக் கழற்றி முழு ஷீட்டாக இறக்க வேண்டும். வேலை செய்பவர்களுக்குத் தூசு வடிகட்டும் முகக்கவசம் நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

பழைய எனாமல் பெயின்டில் ஈயம் இருக்கும். வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் கிரிலையும் கதவையும் காய்ந்த நிலையில் உப்புத்தாள் வைத்துத் தேய்க்காதீர்கள். ஈரமாகத் தேய்க்கலாம், இல்லையென்றால் பெயின்ட் உரிக்கும் திரவம் போடலாம். அந்த நாட்களில் வீட்டில் சின்னக் குழந்தையும் கர்ப்பிணியும் இருக்க வேண்டாம்.

வயதான அப்பா அம்மாவுக்கு என்ன மாற்றம் செய்யலாம்?

கீழ்மாடியில் ஒரு படுக்கையறையும், அதை ஒட்டி ஒரு பாத்ரூமும். இருக்கும் கழிவுக்குழாய்க்குப் பக்கத்திலேயே அதை அமைத்தால் தரையை உயர்த்த வேண்டியிராது, படியும் வராது. அன்றைய பாத்ரூம் கதவு இரண்டரை அடி. சக்கர நாற்காலி நுழைய மூன்றடித் திறப்பு வேண்டும். வாசலில் சரிவுப் பாதை என்றால் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம், அதற்குக் குறைந்தால் தள்ளுபவர் கஷ்டப்படுவார். கைப்பிடியைச் சுவரில் திருகும்போது நாட்டுச் செங்கல் பிடிக்கிறதா என்று உங்கள் முழு எடையையும் கொடுத்து இழுத்துப் பாருங்கள்.

அனுமதி வாங்க வேண்டுமா?

பூச்சு, தரை, வயரிங் என்ற அளவில் பழுதுபார்ப்பது வேறு. தளம் மாற்றுவது, அறை சேர்ப்பது, முகப்பை மாற்றுவது வேறு. பின்னதைத் தொடங்கும் முன் புதுச்சேரியில் நகர அமைப்புக் குழுமத்திலும், கடலூரில் மாநகராட்சியிலும் வரைபடத்தோடு போய்க் கேளுங்கள். கடலோரம் என்றால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளும் சேரும். பழைய நகரைச் சுற்றி ஓடும் புல்வார் சாலைகளின் எல்லைக்குள் வீடு இருந்தால் பாரம்பரியக் கட்டட விதிகள் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பின் புதுச்சேரிக் கிளை இந்த ஊர்க் கட்டடங்களை நன்கு அறிந்தது.

எப்போது தொடங்குவது? பணத்தை எப்படிப் பிரிப்பது?

தை பிறந்ததும் தொடங்கி, மாடி வேலையை ஆனிக்குள் முடித்துவிடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் கான்கிரீட் வேலை செய்தால் ஈரச்சாக்கு போர்த்தி நாள் முழுக்கத் தண்ணீர் காட்ட ஆள் வேண்டும். பணம் முதலில் கம்பிக்கு, அடுத்து மாடிக்கு, பிறகு வயருக்கும் குழாய்க்கும். மாடுலர் கிச்சனும் பொய்க்கூரையும் கடைசி. பொய்க்கூரை எனக்கு உடன்பாடே இல்லை, சீலிங்கில் வரும் முதல் ஈரக்கறையை அது மறைத்துவிடும். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள். பழைய வீட்டில் உடைத்த பிறகுதான் பாதி விஷயம் தெரியவரும்.

வேலை முடிந்தது. முதல் மழையில் எதைப் பார்க்க வேண்டும்?

மழை வலுத்துப் பெய்யும் நேரத்திலேயே குடையோடு மாடிக்குப் போங்கள். மழைக்குழாயின் வாயில் இலை அடைத்திருக்கிறதா, மூலையில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். அதனால் கிழக்கு, வடக்கு ஜன்னல்களின் அடிக்கட்டையைக் கையால் தடவிப் பாருங்கள். பிறகு டார்ச்சைச் சீலிங்கை ஒட்டிச் சாய்வாகப் பிடித்து அறை அறையாக நடங்கள். நேராக அடித்தால் தெரியாத ஈரத்தின் பளபளப்பு சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். ஈரம் கண்ட இடத்தின் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டு, பக்கத்தில் தேதி எழுதி வையுங்கள். அடுத்த மழையில் ஈரம் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால் உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.